கடைசியாகச் சாப்பிடுகிறவளின் எடை

"வாயைக் கட்டுனா உடம்பு தானா இறங்கும்." ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊரை ஒட்டிய எங்கள் கடற்கரை ஊர்களில் கொஞ்சம் சதை போட்ட எந்தப் பெண்ணும் இதைக் கேட்காமல் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வர முடியாது. பெரியம்மா சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், மருந்துக்கடையில் நிற்கிற பையன்கூடச் சொல்வான். அக்கறையில்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் மதினியைப் பார்த்து யாராவது இதைச் சொல்லும்போது எனக்கு மனசு ஆறாது. எங்கள் வீட்டில் வாயைக் கட்டுகிற ஒரே ஆள் அவர்தான். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். சட்டியில் இருந்தால் சாப்பிடுவார், இல்லையென்றால் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொள்வார். அப்படிப்பட்டவருக்கு ஐந்தடி உயரத்தில் 74 கிலோ எடை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, படி ஏறினால் முழங்கால் வலி.

அண்ணனுக்கு இது தீராத புதிர். "நான் திங்குறதுல பாதிகூட அவ திங்க மாட்டா. அப்புறம் எப்பிடி இப்பிடி?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், ஒன்றரை ஆள் சாப்பாடு சாப்பிடுவார், உடம்பில் ஒட்டாது. நான் ராமநாதபுரத்தில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். உள்ளே போகிற சக்தி செலவாகிற சக்தியைவிடக் கூடினால் மிச்சம் கொழுப்பாகச் சேரும், இதில் மாற்றுக் கருத்துக்கு இடம் கிடையாது. அதே சமயம் மதினி எங்களை ஏமாற்றிவிட்டு ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறவரும் இல்லை. இரண்டும் உண்மை என்றால், நடுவில் எங்கள் யார் கண்ணிலும் படாத ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும். அது என்ன என்பதுதான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, எடையை அதால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். மதினிக்கு 32. உலகக் கணக்கில் 30-க்கு மேல் போனால் உடல் பருமன். நம் ஆட்களுக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் 23-லேயே எச்சரிக்கை, 25-லேயே பருமன் என்று இந்திய மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவர் கோட்டைத் தாண்டியவர்தான். எடை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. அந்த முழங்கால் வலியோடு அவர் விடியற்காலையில் எழுந்து நிற்பதைப் பார்க்கிறவள் நான்.

தாளில் இருந்த ஆப்பிள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. கடைசியில் ஒரு உணவுத் தாள் கொடுத்தார்கள். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஒரு ஆப்பிள், மத்தியானம் ஒரு கப் சோறும் ஒரு கப் சாலட்டும், சாயங்காலம் கிரீன் டீயும் நாலு பாதாமும், ராத்திரி ஏழு மணிக்கு இரண்டு சப்பாத்தி. "தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும், ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கணும்" என்று தாளைக் கொடுத்த அம்மா சொன்னபோது மதினி பணிவாகத் தலையாட்டினார். பஸ்ஸில் வரும்போது தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தார். அதன்பிறகு அதை அவர் எடுத்துப் பார்த்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தாளில் இருந்ததெல்லாம் மருத்துவப்படி சரிதான். அது யாருடைய நாளை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதுதான் என் கேள்வி. முதல் நாள் காலையில் போன படகு மறுநாள் விடியக்காலையில் கரைக்கு வரும். மூன்று மணிக்கு போன் அடிக்கும், மதினி எழுந்துவிடுவார். டீ போட்டு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு கரைக்குப் போவார். மீன் பிரிக்கிற இடத்தில் ஒரு கை கொடுப்பார், அங்கேயே கடையில் இன்னொரு டீ. திரும்பி வந்து பிள்ளைகளுக்குச் சமைத்து அனுப்பிவிட்டு நண்டுக் கம்பெனிக்கு ஓடுவார். ராத்திரி பத்தரைக்கு முன்னால் படுக்கிற பேச்சே கிடையாது. எட்டு மணி நேரத் தூக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்? தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டுகிற கிரெலின் என்கிற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்கிற லெப்டின் குறைகிறது என்பதை ஆய்வகங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அரைத் தூக்கத்தில் எழுந்தவருக்கு இனிப்பும் மாவும்தான் கண்ணுக்குத் தெரியும். படகு வருகிற நேரத்தை மதினி தீர்மானிப்பதில்லை.

நண்டுக் கம்பெனி என்று நாங்கள் சொல்வது, நீல நண்டை அவித்து சதை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடத்தை. உள்ளே போனால் தலையில் வலைத்தொப்பி, வாயில் துணி, காலில் பூட்ஸ். நீள மேசைக்கு இரண்டு பக்கமும் பெண்கள். அவித்த நண்டின் ஓட்டைப் பிரித்து, சின்னக் கத்தியால் கணுக் கணுவாகத் திறந்து, துடுப்புக் காலை ஒட்டி இருக்கிற பெரிய சதையை உடையாமல் எடுத்துத் தனித் தட்டில் வைக்க வேண்டும். உடைந்தால் தரம் இறங்கிவிடும், விலையும் இறங்கிவிடும். மார்புச் சதை வேறு, கால் சதை வேறு. சதையில் ஒரு துளி ஓடு இருந்தாலும் திருப்பிவிடுவார்கள், அதனால் விளக்கு வெளிச்சத்தில் விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். இப்படியே எட்டு மணி நேரம், உட்கார்ந்த இடத்தில். அந்த நண்டுச் சதையில் நூறு கிராமுக்குச் சுமார் 18 கிராம் புரதம் இருக்கிறது, கொழுப்பு பேருக்குத்தான். உடம்பைக் குறைக்க நினைக்கிற ஒருவருக்கு இதைவிட நல்ல சாப்பாட்டை எந்த உணவு நிபுணராலும் எழுதிக்கொடுக்க முடியாது. அதைக் கிலோ கிலோவாகக் கையால் தொட்டவர்கள் இடைவேளையில் வெளியே வந்து சாப்பிடுவது டீயும் பன்னும்.

சட்டியின் அடியில்

அந்தப் புதிர் அவிழ்ந்த சாயங்காலத்தை இன்னும் விலாவாரியாகச் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய திட்டத்தில், சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் பக்கம் வருகிற பெண் பக்கத்து ஊர்க்காரர், அவர் வீட்டிலும் கடலுக்குப் போகிறார்கள். வழக்கமாகப் பகலில் வருகிறவர், வேலை இழுத்துவிட்டதால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வந்து சேர்ந்தார். நானும் ஊருக்கு வந்திருந்தேன். மதினி பந்தி போட்டுக்கொண்டிருந்ததால், "நீங்க போட்டு முடிங்கக்கா, நான் இருக்கேன்" என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு நகரை மீன் குழம்பு. கறிக்கு எடுத்துவந்தது ஏழெட்டு மீன்தான், மற்றதெல்லாம் ஏலத்தில் போய்விட்டது. தலையும் நடுத்துண்டும் அண்ணனுக்கு. பையன்கள் இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு துண்டு. மகளுக்கு ஒன்று, அவள் கேட்டு இன்னொன்று. எனக்கு வேண்டாம் வேண்டாம் என்னும்போதே இரண்டு. அம்மாவுக்கு முள் எடுத்துப் பிசைந்து ஒரு மீன். எல்லோரும் எழுந்த பிறகு மதினி சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். அடியில் கொஞ்சம் கெட்டிக் குழம்பும் உதிர்ந்த முள்ளும் இருந்தன. அதில் நாலு அகப்பை சோற்றைப் போட்டு, சட்டியின் சுற்றுச் சுவரெல்லாம் வழித்துப் புரட்டினார். சின்னவன் தட்டில் மிச்சம் வைத்த சோற்றையும் அதிலேயே தள்ளினார். எங்கள் ஊரில் இந்தச் சட்டிச் சோற்றுக்கு அடித்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு, அவ்வளவு ருசி. அவர் முதல் உருண்டையை எடுக்கும்போது அந்தப் பெண் கேட்டார்.

"அக்கா, ஒங்க மீனு எங்க?"

"எனக்கு எதுக்குத்தா? சட்டில பெரட்டுன சோத்துக்கு எந்த மீனு ஈடாகும்?"

"நேத்து ராத்திரி?"

"நேத்து கணவா. புள்ளைக சாப்புட்டாக."

"முந்தாநாளு?"

மதினி யோசித்தார். அண்ணன் திண்ணையில் பல் குத்திக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. "மீன் பிடிக்கிற வீட்டுல ஒங்களுக்கு மீன் இல்ல. மீன் இருக்க வேண்டிய எடத்தையும் சோத்த வச்சே ரொப்புறீக. அப்புறம் வயிறு எதை வச்சுக்கா நெறையும்?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து கொதிப்புக் கருவியை எடுத்துப் பட்டையைக் கையில் சுற்றினார். பிறகு நாள் முழுக்க எத்தனை டீ, டீக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்டார். ஐந்து டீ, மும்மூன்று கரண்டி. பதினைந்து கரண்டி சீனி என்றால் 75 கிராம், 300 கலோரி. நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார், நான் மனதில் கூட்டிக்கொண்டேன்.

மதுரை மருத்துவமனையில் மதினியிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அவரும் உண்மையைத்தான் சொன்னார்: காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் சோறு மீன்குழம்பு, ராத்திரி சோறு மீன்குழம்பு. மீன்குழம்பு என்று எழுதியவர் மீன் இருந்ததா என்று கேட்கவில்லை. எத்தனையாவது ஆளாகச் சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. பிள்ளை மிச்சம் வைத்தது, கம்பெனி இடைவேளையில் கடித்த பன், கரையில் குடித்த டீ, இதெல்லாம் நின்றுகொண்டே சாப்பிடுவது, யார் கணக்கிலும் சாப்பாடாகச் சேராது. அமெரிக்காவில் 1992-இல், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தபோது, அவர்கள் சொன்ன அளவு உண்மையில் சாப்பிட்டதில் ஏறக்குறையப் பாதிதான் என்று தெரியவந்தது. இதைப் பொய் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து, தட்டு போட்டு, தனக்கென்று பரிமாறிச் சாப்பிடுகிற பழக்கமே இல்லாத ஒருவர் எதை நினைவில் வைத்துக்கொள்ள முடியும்?

55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 46 கிராம் புரதம் வேண்டும் என்று நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்திருக்கிறது. மீன், முட்டை, பயறு எதுவும் இல்லாமல் சோற்றை மட்டும் வைத்து அதை எட்டவேண்டுமானால் அரைக்கிலோவுக்கு மேல் அரிசி பொங்கவேண்டும், அதற்குள் 2000 கலோரி தாண்டிவிடும். ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: உடம்பு புரதத்துக்கு ஒரு அளவு வைத்திருக்கிறது, அது கிடைக்கிற வரை பசி அடங்காது, புரதம் குறைந்த சாப்பாடாக இருந்தால் அளவுக்கு மீறி மாவும் கொழுப்பும் உள்ளே போய்விடும். இது இன்னும் விவாதத்தில் இருக்கிற கருத்துதான். ஆனால் அன்றைக்குச் சட்டியோரம் உட்கார்ந்திருந்த எனக்கு, அது எங்கள் அடுப்படியைப் பார்த்து எழுதினது மாதிரி இருந்தது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இன்னொரு சான்று கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் உடல் நிறை எண் 25-ஐத் தொட்டவர்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். அதே கணக்கெடுப்பில் அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கொழுத்தும் இருக்கிறார்கள், வெளிறியும் இருக்கிறார்கள். இரண்டு எண்ணையும் ஒரே உடம்பில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. மதினிக்கும் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழேதான் இருந்தது. அதை யாரும் அவருடைய எடையோடு சேர்த்துப் பேசியதில்லை.

"நாங்களும் கடைசியாத்தான் சாப்பிட்டோம்"

அந்தப் பெண் போனபிறகு அம்மா சொன்னது இது. "எங்க காலத்துலயும் ஆம்பளைகளுக்குப் போட்டுட்டுத்தான் சாப்புடுவோம். எங்களுக்கு மட்டும் ஏன் சதை வைக்கல?" நியாயமான கேள்வி. ஆனால் அம்மா காலத்தில் கடைசியாகச் சாப்பிட்டவளுக்குச் சோறே அளவாகத்தான் இருந்தது. பல நாள் கேப்பைக் கூழ், பல நாள் அதுவும் அரை வயிறு. குடிதண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு, இரண்டு குடம் சுமந்து வரவேண்டும். 2011-இலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பட்டினி கிடந்த கரைக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று பட்டவர்களுக்குத் தெரியும், அதைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. குறை, சட்டிக்குள் சோறு பெருகியபோது மீன் பெருகவில்லை என்பதில் இருக்கிறது. மீனுக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் வெளியே விலை ஏற ஏற, கறிக்கு எடுக்கிற பங்கு சுருங்கியது. சுருங்கிய பங்கில் முதலில் வெட்டு விழுந்தது கடைசித் தட்டில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஓடாது, காசும் இருக்காது. அந்த இரண்டு மாதம் எங்கள் தெருவில் சோறும் டீயும்தான் ஓடும். கையில் காசில்லாத மாதங்களில்தான் மதினிக்கு எடை ஏறும், கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

அம்மா காலத்து மெலிவைப் புகழ்ந்து பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்த மெலிவில் பாதி பசி. அந்தப் பசி அவர்களோடு முடிந்துபோகவும் இல்லை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், சத்துக் குறைந்த தாய்மார்களுக்கு எடை குறைவாகப் பிறக்கிற குழந்தைகளை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். அந்தக் குழந்தைகள் பார்க்கச் சின்னதாக இருந்தாலும் சதைதான் குறைவு, கொழுப்பு குறையவில்லை. அவரும் ஜான் யுட்கின் என்ற வெள்ளைக்கார மருத்துவ நண்பரும் 2004-இல் தங்கள் படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. நண்பரின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். என் அண்ணனும் அந்த வகைதான். கையும் காலும் குச்சி, உடல் நிறை எண் 23-ஐக் கொஞ்சம் தாண்டும், ஆனால் தொப்புளுக்கு நேராக நாடா வைத்தால் 94 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதுதான் நம் ஆட்களுக்கான எல்லை. ஈரலைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் சேர்கிற கொழுப்புதான் சர்க்கரையை வரவழைக்கிறது. அண்ணனுக்கும் சர்க்கரை இருக்கிறது. ஆனால் அவரை யாரும் வாயைக் கட்டச் சொன்னதில்லை. "பாவம், கடல்ல பாடுபடுற உடம்பு, எப்பிடியோ வந்துருச்சு" என்பார்கள். ஒரே வீட்டில் ஒரே நோய்க்கு ஒருவருக்குப் பரிதாபம், இன்னொருவருக்குப் பழி.

நடை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மதினி எங்கே நடப்பார்? நெடுஞ்சாலையில் லாரிகள் போகும், உள் பாதையெல்லாம் சீமைக்கருவேல முள், விடிகிற நேரத்தில் கரைப் பக்கம் பெண்கள் உலாவ முடியாது. நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் நடந்தே எடையைக் குறைத்துவிடலாம் என்று நம்பவைப்பது சரியில்லை. அரைமணி நேர நடையில் செலவாவது ஏறக்குறைய 120 கலோரி, இரண்டு டீயில் போடுகிற சீனி. தான்சானியாவில் வேட்டையாடி வாழ்கிற ஹட்ஸா மக்களை ஹெர்மன் பான்ட்சர் குழு அளந்து 2012-இல் வெளியிட்ட முடிவும் இதைத்தான் சொன்னது. நாள் முழுக்க நடக்கிற அவர்களும் நாற்காலியில் உட்காருகிற நகரத்துக்காரர்களும், உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், ஒரு நாளில் செலவழிக்கிற சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். எடையில் சாப்பாட்டின் பங்குதான் பெரியது.

முதலில் எடுத்துவைத்த மீன்

பிறகு வீட்டில் நடந்த மாற்றம் வெளியே சொல்லிக்கொள்கிற அளவுக்குப் பெரிதில்லை. குழம்பு இறக்கியதும், பந்தி போடுவதற்கு முன்னால், மதினி தனக்கு இரண்டு துண்டு மீனைக் கிண்ணத்தில் எடுத்து மூடிவைக்கத் தொடங்கினார். முதல் சில நாள் அவரால் அது முடியவில்லை. பையன் இன்னொரு துண்டு கேட்டால் மூடி திறந்துவிடும். அப்போது அண்ணன்தான், "அது ஒங்கம்மா மீனு, கைய வைக்காத" என்று அதட்டினார். அவர் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் அந்தக் கிண்ணம் நிலைத்தது. ஏலத்தில் நல்ல மீன் போனாலும், விலை போகாத சூடையும் காரலும் ஒரு கை கூடுதலாக வீட்டுக்கு வரத் தொடங்கின. சூடையில் இருக்கிற சத்து பெரிய மீனுக்குக் குறைந்ததில்லை. ஏழரை மணிக்குப் பிள்ளைகளோடு மதினியும் உட்கார்ந்துவிடுகிறார், அண்ணன் வேண்டியதைத் தானே போட்டுக்கொள்கிறார். நாலு அகப்பை சோறு இரண்டானது. அந்த இரண்டும் போதுமாக இருக்கிறது என்று மதினியே ஆச்சரியப்பட்டார். டீ ஐந்திலிருந்து மூன்றுக்கு வந்தது, கரண்டி மூன்றிலிருந்து ஒன்றுக்கு. வாசல் முருங்கையிலிருந்து கீரை வாரத்துக்கு மூன்று நாளாவது அடுப்பேறுகிறது. நடுவில் ஒரு சொந்தக்காரர் சீனிக்குப் பதில் சாயல்குடிக் கருப்பட்டி போட்டால் சர்க்கரைக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லி ஒரு வட்டு கொடுத்தார். எங்கள் மாவட்டத்துக் கருப்பட்டி எனக்கும் உயிர்தான். ஆனால் உடம்புக்குள் போனால் அதுவும் சீனிதான், பதநீரும் அப்படியே. அதை நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

74 இருந்தது மெல்ல மெல்ல 69-க்கு வந்தது. தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, கல்யாண வீட்டில் அறிவுரை நிற்கவில்லை. ஆனால் ஒரு கிலோ குறைந்தால், நடக்கிற ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழுகிற பாரம் நாலு கிலோ குறைகிறது என்று 2005-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்து கிலோவுக்கு இருபது. மதினி இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறுகிறார். ரத்தம் ஊறியிருக்கிறது, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களிடம் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் சரிசெய்தவர்களுக்கு நீரிழிவு வருகிற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை குறிப்பிடும்படி இறங்கியிருக்கவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. தராசு அசையாத மாதங்களிலும் உள்ளே நல்லது நடக்கலாம் என்று மதினிக்கு நான் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

அசையாத மாதங்கள் வந்துவிட்டன. 69-இல் நின்றதுதான், எத்தனையோ கட்டுப்பாடாக இருந்தும் இறங்கவில்லை. ஊரில் மறுபடி பழைய பேச்சு: "பழையபடி வாய் தொறந்திருப்பா." உடம்பு அப்படி இயங்குவதில்லை. எடை இறங்கும்போது பசி ஹார்மோன்கள் கூடுகின்றன, சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கிற சக்தி குறைகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் தடாலடியாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்து கெவின் ஹால் குழு அளந்தது. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது, ஆனால் அவர்கள் உடம்பு எதிர்பார்ப்பதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகத்தான் இன்னும் எரித்துக்கொண்டிருந்தது. பஞ்சத்தில் பிழைக்கக் கற்ற உடம்பு, குறைகிற ஒவ்வொரு கிலோவையும் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. இதோடு மல்லுக்கட்டுகிறவரைப் பார்த்து மனக்கட்டுப்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது? 2025-இல் இந்தியாவுக்கு வந்த எடை குறைக்கிற ஊசிகளும் இதையே நிரூபிக்கின்றன. செமாகுளூட்டைடு போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஊசி யாருக்கும் ஒழுக்கம் கற்றுத்தரவில்லை, பசியின் குரலைக் குறைத்தது, அவ்வளவுதான். வாரம் ஒரு ஊசி என்று மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற வீடு எங்கள் தெருவில் இல்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அது அரசு மருத்துவமனையில் கிடைக்கிற நாள் வரவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அதற்கு முன்னால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மதினி சாப்பிடுகிற இரண்டு சர்க்கரை மாத்திரைகளில் கிளைமிபிரைடு என்பது எடையைக் கொஞ்சம் ஏற்றக்கூடியது. சாப்பாடு குறைந்த நாளில் சர்க்கரையைத் தாழ்த்திவிடும், அப்போது கை நடுங்கும், அவசரத்துக்கு பிஸ்கட்டைத் தேடவேண்டியிருக்கும். கம்பெனியில் அவருக்கு அப்படி ஆகியிருக்கிறது. சர்க்கரை இறங்கியிருக்கிற நிலையில் அந்த மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா, மற்றொரு மாத்திரையான மெட்பார்மின் மட்டும் போதுமா என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்கப் போகிறோம். நாமாக நிறுத்தக்கூடாது என்று மதினியிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், எப்போது எதைச் சாப்பிடுகிறார், எந்த நேரத்தில் நடுக்கம் வந்தது என்பதையெல்லாம் மகள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். கம்பெனி இடைவேளைக்கு மதினியும் அவர் மேசைக்காரப் பெண்களும் இப்போது முறைவைத்துத் தட்டாம்பயறு அவித்துக் கொண்டுபோகிறார்கள். அதுவும் அந்த நோட்டில் இருக்கிறது.